முன்னோர் துப்பாக்கிகளும் அவற்றின் மெய்ம்மதிப்பும்

நம் குடும்பங்களில் பெரியவர் ஒருவர் காலஞ்சென்றால், அவர் வைத்துப்போன பொருள்களை மதிப்பிட்டுப் பங்கிடும் முறை பெரும்பாலும் தெரிந்ததே. நிலத்தின் தரத்தை ஊரார் அறிவர். நகையின் மாற்றைத் தட்டார் உரைத்துச் சொல்வார். வீட்டின் கிரயத்தை அக்கம்பக்கத்துப் பத்திரங்களே காட்டிவிடும். ஆனால் கூடத்துச் சுவரில் மான்கொம்பின்மேல் தாங்கியிருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும், மேன்மாடத்து அலமாரியிற் பழம்புடைவையாற் சுற்றிக் கிடக்கும் கேப்புத் துப்பாக்கிக்கும் மதிப்புச் சொல்வார் ஊரில் ஒருவரும் இலர். ஆதலின் வாரிசுகள் இரண்டு வழிகளில் ஒன்றிற் செல்கின்றனர். பழைய இரும்பென்று எண்ணி எவ்வாறேனும் ஒழித்துவிட்டாற் போதுமென்பார் ஒரு சாரார். திப்பு சுல்தான் கையிலிருந்ததென்றும், பல கோடி பெறுமென்றும் நம்பி, எவர்க்கும் காட்டாமற் பூட்டி வைப்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பொருளைப் பாராமலே மதிப்புச் சொல்லுகின்றனர். பழைய துப்பாக்கியொன்றின் மதிப்பு அதன் இரும்பிலும் இல்லை, நம் எண்ணத்திலும் இல்லை. அது யாரால், எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டதென்று காட்டும் அடையாளங்களிலும், அதனோடு வந்த தாள்களிலும், அதனை வாங்கத் தகுதியுடையார் எத்துணைப் பேர் என்பதிலும் இருக்கிறது. இதனை நம் நாட்டு வரலாற்றிலிருந்தே விளக்கப் புகுகின்றோம்.

படைக்கலத்தின் மதிப்பறியாத வாரிசு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குத் தஞ்சை அரண்மனையே முதற் சான்று. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் விட்டுக் கோட்டையையும் உபகாரச் சம்பளத்தையும் வைத்துக்கொண்டார். 1832இல் அவர் மறைய, அவர் மகன் இரண்டாம் சிவாஜி பட்டம் எய்தினார். 1855ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் ஆண் வாரிசின்றி இறந்தார். பட்டம் அவரோடு முடிந்ததென்று கும்பினியார் தீர்மானித்தனர். 1856இல் அவர்தம் அதிகாரி படையோடு வந்து, அரசுக்குரியது எது, அரசரின் சொந்தச் சொத்து எது என்று பாராமல் எல்லாவற்றையுங் கைக்கொண்டார். மூத்த அரசியாராகிய காமாட்சி பாயி சாகேப் அவர்கள் வாளாவிருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். ஆனால் 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இது ஓர் அரசாங்கச் செயல், நீதிமன்றம் இதில் தலையிட இயலாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. பின்னர் 1862இல் துரைத்தனத்தாரே மனமிரங்கிச் சொந்தச் சொத்தை அரசியார் குடும்பத்திற்குத் திருப்பிக் கொடுத்தனர். வழக்கறிஞர்கள் இன்றும் இவ்வழக்கை எடுத்துக்காட்டுவதுண்டு. நமக்கு வேண்டுவது அவ்வரண்மனையின் ஆயுதசாலையின் கதி.

நாயக்கர் காலந்தொட்டு மராட்டியர் காலம் வரை சேர்ந்த வாள்களும், கட்டாரிகளும், ஈட்டிகளும், அங்குசங்களும், திரித் துப்பாக்கிகளும் அங்கே குவியல் குவியலாய்க் கிடந்தன. சென்னை மாகாண சிவில் உத்தியோகத்தில் இருந்த வால்ஹவுஸ் என்பார் அவற்றை நேரிற் கண்டவர். 1878இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையால், நல்லனவென்று தேர்ந்தெடுக்கப்பட்டவை நீங்கலாக மிகுந்தவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன என்று அறிகின்றோம். தேர்ந்தெடுத்தவை 1863இல் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தன. எழும்பூர் சென்றால் இன்றும் காணலாம். 2004ஆம் ஆண்டில் இராபர்ட் எல்குட் என்னும் அறிஞர் தென்னாட்டுப் படைக்கலங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதியபோது, பெரும்பாலும் எழும்பூரில் தங்கிய இப்பொருள்களையே கொண்டு எழுதினார். உடைபட்டவற்றில் என்னென்ன இருந்தன என்பதற்கு ஒரு பட்டியலும் எழுதி வைக்கப்பட்டிருந்தால், எத்தனை கொல்லர் பட்டறைகளின் வரலாறு நமக்குக் கிடைத்திருக்கும்! துரைத்தனத்தார் தராசு பிடித்தார்கள். தராசு எடையைச் சொல்லிற்று. அவ்வளவே.

நிற்க. இதற்கு மாறான ஒரு செய்தியைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து கூறுவோம். 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் தேதி அக்கோட்டை விழுந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே மாண்டார். வென்ற படையினர் அரண்மனைப் பொருள்களைத் தரம்வாரியாகப் பங்கிட்டுக்கொண்டனர். பங்கிடாமல் கொள்ளையாகப் போனவையும் பல. அப்போது கும்பினிப் படையில் இருந்த தாமஸ் ஹார்ட் என்னும் மேஜர் சில வாள்களையும் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியையும் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். இருநூறாண்டுக்கு மேல் அவை அவர் வழியினர் வீட்டிலேயே இருந்தன. 2019ஆம் ஆண்டு பர்க்ஷயர் நாட்டுப்புறத்தில், வீட்டுப் பரண்மேற் கிடந்த அவற்றை ஏலத்திற்கு அனுப்பியபோது எல்லாமாக 1,07,000 பவுன் கிடைத்தது. அதில் வெள்ளிப்பூண் இட்ட அத்துப்பாக்கி ஒன்று மட்டுமே 60,000 பவுனுக்கு, அதாவது அக்காலத்து நம் நாணயத்தில் ஏறத்தாழ 55 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. இதற்கு நான்காண்டு முன்னர், 2015இல், திப்புவின் ஆயுதங்களை வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஓர் ஆங்கிலேயரின் திரட்டு இலண்டனில் ஏலம் விடப்பட்டது. உருப்படிகள் முப்பது; கிடைத்த தொகை அறுபது லட்சம் பவுனுக்கு மேல்.

இவ்விலைகளைக் கேட்டவுடன் நம்மவருட் சிலர் தம் வீட்டுப் பரணுக்கு ஏணி வைக்கத் தொடங்குவர். சற்றே பொறுக்க வேண்டுகின்றோம். அத்துப்பாக்கிக்கு அவ்விலை ஏன் வந்ததென்று முதலில் அறிதல் வேண்டும். ஒன்று, அதனைக் கொணர்ந்தவர் பெயரும் வந்த வழியும் முறிவின்றித் தெரிந்திருந்தன. மற்றொன்று, அது திப்புவின் பட்டறையில் செய்யப்பட்டதென்பது அதன் மேனியிலேயே எழுதப்பட்டிருந்தது. திப்பு தம் ஆயுதங்களிற் புலி வரியையும் புலி முகத்தையும் இடைவிடாது பொறிக்கச் செய்தார் என்பது பலர்க்கும் தெரியும். ஆதலால் போலி செய்வார்க்கும் அது தெரியும். ஆனால் ஆண்டெண் அப்படியன்று. திப்பு தம் ஆட்சியின் இடைக்காலத்தில் மௌலூதி என்ற புதியதோர் ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தி, அதன் எண்களை வழக்கத்திற்கு மாறாக வலமிருந்து இடமாக எழுதவும் செய்தார். கிறிஸ்து ஆண்டு 1794ஐ ஒட்டிய மௌலூதி 1222, அவர்தம் காசுகளிலும் துப்பாக்கிகளிலும் 2221 என்றே தோன்றும். பழம்பொருள் வாணிகன் ஒருவன் புலி முகத்தை அழகாகப் பொறித்துவிட்டு ஆண்டெண்ணில் அகப்பட்டுக்கொள்வது இப்படித்தான். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அத்துப்பாக்கியின் மேற் போரிற் பட்ட சிதைவு காணப்படுகிறதென்று ஏலக்காரர் தம் குறிப்பில் எடுத்துக் கூறினர். அவ்வீட்டார் யாரேனும் நல்லெண்ணத்தால் ஒரு தச்சனைக் கூப்பிட்டுக் கட்டையைச் செப்பனிட்டு மெருகிட்டிருந்தால், அச்சிதைவும் அதன் கதையும் ஒருங்கே போயிருக்கும்.

சீரங்கப்பட்டணம் விழுந்த காலத்தில் சென்னைக் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டு வீரரெனப்பட்ட இராபர்ட் கிளைவின் மைந்தர். திப்புவின் கூடாரமும் வேறு பொருள்களும் அவர் குடும்பத்தைச் சேர்ந்தன. 1952இல் அக்குடும்பத்தார் வேல்ஸ் நாட்டிலுள்ள தம் போவிஸ் கோட்டையை அந்நாட்டு நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது நிறுவனத்திற்கு எழுதி வைத்தனர். அப்பொருள்களை இன்றும் அங்கே காணலாம். ஆனால் நம்மவர் மறக்கக் கூடாத செய்தி வேறொன்று உண்டு. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றிற் கட்டபொம்மு நாயக்கரும், 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டபின், அதே எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் முதல் தேதியில் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரரும் அவர்தம் குடிபடைகளும் ஆயுதங்களை ஒப்புவிக்க வேண்டுமென்பதே அதன் கருத்து. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஈட்டியும் வாளும் திரித் துப்பாக்கியும் ஊர் ஊராகத் திரட்டப்பட்டன. திப்புவின் துப்பாக்கி போற்றப்பட்ட இடத்தில், பாஞ்சாலங்குறிச்சியாரின் துப்பாக்கி குப்பையாயிற்று. இதனால் வாரிசுகள் அறிய வேண்டுவது யாதெனின், 'பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கி' என்று நம் வீடுகளிற் சொல்லப்படுவது மெய்யாகவே அக்காலத்ததாக இருப்பது மிக அரிது. அரிதென்பதனாலேயே, மெய்யாயின் அதன் மதிப்பு மிகப் பெரிது. விலை கூறுவதற்கு முன் காட்சிச்சாலையாரிடம் காட்ட வேண்டிய பொருள் அது.

அங்ஙனமாயின் நம் வீடுகளில் உள்ளவை யாவை? பெரும்பாலும் 1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டத்திற்குப் பின் லைசென்சு பெற்று வாங்கியவை. அச்சட்டம் ஐரோப்பியரை விலக்கி நம்மவரையே பெரிதும் கட்டியது. ஆதலின் அந்நாளில் துப்பாக்கி லைசென்சு பெறுதல் ஒரு மரியாதையாகவே எண்ணப்பட்டது. ஜமீன்தாரர்களும், மிராசுதார்களும், மலைத்தோட்டக்காரர்களும், பட்டம் பெற்ற உத்தியோகஸ்தர்களும் அதனை வாங்கினர். 'கலெக்டர் துரை தம் கையாலேயே கொடுத்தது' என்னும் கதையில்லாத துப்பாக்கியை நாம் கேள்விப்பட்டதே இல்லை! துரைமார் அத்துணைப் பேருக்கும் தம் கையாற் கொடுத்திருந்தால் அவர்க்கு வேறு வேலை செய்ய நேரம் இருந்திராது. கதை மெய்யாயின் ஒரு கடிதமோ, குழலின் மேலோ கட்டையின் வெள்ளித் தகட்டிலோ பொறித்த வாசகமோ இருக்கும். அது இருந்தால் மதிப்பு உயரும். வாய்ச்சொல் மட்டுமேயானால் வாங்குவோன் அதற்குக் காசு கொடான்.

குழலின் மேல் எழுதியுள்ள பெயரைப் படித்தவுடன் அதுவே செய்தவன் பெயரென்று கொள்ளுதல் பெரும்பிழை. சென்னையில் பி. ஆர் கம்பெனியாரும் ஓக்ஸ் கம்பெனியாரும், கல்கத்தாவில் மாண்டன் கம்பெனியாரும் தம் பெயர் பொறித்த துப்பாக்கிகளை விற்றனர். அவற்றிற் பல பர்மிங்காம் பட்டறைகளிற் செய்யப்பட்டு, விற்றவர் பெயர் தாங்கி வந்தவை. உண்மை தெரிய வேண்டுமானால் கட்டையினின்று குழலைக் கழற்றி அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். ஆங்கில நாட்டிற் குழல்களை மிகுந்த மருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் சோதனைச்சாலைகள் இரண்டு உள. இலண்டன் சாலை பதினேழாம் நூற்றாண்டு முதலே நடப்பது. பர்மிங்காம் சாலை 1813இல் ஏற்பட்டது. முடியின் கீழ்க் குறுக்கிட்ட இரு செங்கோல்களைக் கண்டால் அது பர்மிங்காம் முத்திரை. 1813க்கும் 1904க்கும் இடைப்பட்டது. அதற்குப்பின் முத்திரை மாறிற்று. இவ்வொரு குறியால் 'நூற்றைம்பதாண்டுப் பழையது' என்னும் பல பேச்சுக்கள் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

கும்பினிப் படைத் துப்பாக்கிகளுக்கும் இவ்வாறே அடையாளம் உண்டு. நான்காகப் பிரித்த இதய வடிவினுள் ஆங்கில எழுத்துக்கள் பொறித்த முத்திரை 1808 வரையில் வழங்கியது. அதன்பின் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வந்தது. 'டவர்' என்ற சொல்லும் முடியும் பொறித்த பழந் துப்பாக்கிகள் நம் நாட்டிற் பல. ஆனால் வடமேற்கு எல்லைப்புறத்துக் கொல்லர்கள் அம்முத்திரையைப் பல்லாண்டாகப் பின்பற்றி வெட்டி வந்தனர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எழுத்துப்பிழையும் ஆண்டுப்பிழையுமே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

இலண்டனில் முதல் வரிசையிலுள்ள பர்டி, ஹாலண்டு முதலியோரின் துப்பாக்கியொன்று ஒரு குடும்பத்தில் இருக்குமாயின் அது தனி நிலை. அவர்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண்ணிட்டு, யாருக்கு எப்போது செய்ததென்று பேரேட்டில் எழுதி வைத்தவர்கள். எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் இன்றும் விடை கிடைக்கும். 'ஹாலண்டு அண்டு ஹாலண்டு' என்று இரட்டைப் பெயர் இருந்தால் அது 1876க்கு முந்தியதன்று. அதற்கு முன் மூத்த ஹாலண்டின் பெயர் ஒன்றே வழங்கியது. துப்பாக்கியோடு வந்த தேக்கு அல்லது ஓக்கு மரப் பெட்டி, உள்மூடியில் ஒட்டிய கடைச்சீட்டு, மருந்தளவைக் கிண்ணம், துடைக்குங்கோல் இவற்றைக் குப்பையென்று எறிந்துவிடுவோர் பலர். கடைச்சீட்டிலுள்ள தெருப்பெயரும் வீட்டெண்ணும் கொண்டே காலம் கணிப்பார் உளர். பெட்டியை எறிந்தவர் துப்பாக்கியின் விலையிலும் ஒரு பங்கை எறிந்தவரே.

இதனினும் கொடியது இணைபிரித்தல். பெருஞ் செல்வர்க்கு இலண்டனில் இரண்டிரண்டாகத் துப்பாக்கி செய்து, மேற்பட்டையிற் பொன்னால் 1, 2 என்று எண்ணிடுவது வழக்கம். எடையும் பிடியும் மரத்தின் ரேகையுங்கூட ஒத்திருக்கும். தனித்தனியே விற்றால் வரும் இரு விலைகளின் கூட்டினும் இணையாக விற்றால் வரும் விலை அதிகம். ஆனால் நம்மவர் பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுச் சமநீதி செய்ததாக மகிழ்கின்றனர். காளை மாட்டு ஜோடியைப் பிரிக்கலாகாதென்று தெரிந்த குடியானவர், துப்பாக்கியில் அதனை மறந்துவிடுகின்றனர்.

துலக்குதலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கோவில் விளக்கைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துலக்குவதுபோல் துப்பாக்கியைத் துலக்கினால், குழலின் மேல் அந்நாளைய கம்மியர் ஏற்றிய கருநிறமும் பழுப்புநிறமும் போய்விடும், முத்திரைகளும் தேய்ந்துவிடும். உப்புத்தாள் இட்டுத் தேய்ப்பது அதனினும் கேடு. ஒன்றும் செய்யாது மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடைத்து வைத்தலே போதும். ஆயுத பூசையன்று நாம் இடும் சந்தனமும் குங்குமமும் ஈரம் வாங்கி இரும்பைத் தின்னும். ஆதலின் மறுநாளே துடைத்துவிட வேண்டும். பூசைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. தரையிலே கிடத்தினால் கட்டையைக் கறையான் அரிக்கும். நம் ஊர்களில் துருவினால் அழிந்தவற்றினும் கறையானால் அழிந்தவை குறையா என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றிற்கும் முன்னதாக ஓர் எச்சரிக்கை. வாயில் மருந்து கெட்டிக்கும் பழந் துப்பாக்கிகளில், நூறாண்டிற்கு முன் இட்ட மருந்தும் குண்டும் அப்படியே கிடப்பதுண்டு. கரிமருந்து ஈரம் புகாதிருந்தால் எத்தனை ஆண்டாயினும் தன் குணம் மாறாது. பாட்டனார் கெட்டித்து மறந்தது பேரப்பிள்ளை விளையாட்டில் வெடித்தால் மதிப்பைப் பற்றிப் பேச ஒன்றுமிராது. எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியிருப்பதாகவே கருதி, லைசென்சு பெற்ற வியாபாரியையோ காவல்துறைக் கம்மியரையோ கொண்டு சோதித்த பிறகே கையாள வேண்டும். இரும்பு நூலை முறுக்கிச் செய்த 'டமாஸ்கஸ்' குழல்கள் கரிமருந்துக்கென்றே செய்யப்பட்டவை. இக்காலத்துத் தோட்டாவை அவற்றிற் போட்டுச் சோதித்துப் பார்த்தல் உயிர்க்கு ஆபத்து. அவற்றின் மேல் ஓடும் ரேகையழகு பார்ப்பதற்கே.

இனி விலைக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒரு விலை, இந்தியாவில் வேறொரு விலை என்பதே வாரிசுகளை மயக்கும் பொருள். இதற்குக் காரணம் சட்டமே. 1878ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகச் சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் தேதியில் நடைமுறைக்கு வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைத் தடுத்தது. அன்று முதல் பறவை வேட்டைக்கு உதவிய பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு நம் நாட்டில் வாங்குவார் குறைந்தனர். 1980களில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனியார் தருவித்தல் ஏறக்குறைய நின்றது. அன்று முதல் 32 போர் ஆங்கிலக் கைத்துப்பாக்கிகளின் விலை இங்கே தாய்நாட்டு விலையினும் பன்மடங்கு ஏறிற்று. எனவே, கூடத்தில் எல்லோரும் வியந்து பார்க்கும் நீண்ட துப்பாக்கி சொற்ப விலைக்கும் போகாமலிருக்க, மேசை அறையில் மறந்து கிடந்த சிறு கைத்துப்பாக்கி குடும்பத்தின் கடனைத் தீர்த்துவிடுவதும் உண்டு. ஆனால் 303 போர் ரைபிள், 455 போர் ரிவால்வர் போன்று படைகளில் வழங்கிய தோட்டா செல்பவை தடைசெய்யப்பட்ட வகையாகும். அவற்றை வைத்திருக்க மத்திய அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வாங்கத் தகுதியுடையார் மிகச் சிலர். அருமை மிகுந்தும் விலை குறைந்தும் அவை நிற்பதன் காரணம் இதுவே.

'ஆயின் இலண்டனுக்கே அனுப்பி விற்போமே' என்பார்க்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் குறுக்கே நிற்கும். கலை, கைத்தொழில், வரலாறு இவற்றை விளக்கும் நூறாண்டுப் பழமையான பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நூற்றாண்டு கடந்த ஹாலண்டு துப்பாக்கி பாண்டு தெருவில் என்ன விலை பெறுகிறதென்று பத்திரிகையிற் படித்து, அதையே பாகப்பிரிவினைக் கணக்கில் எழுதினால், அதனைப் பங்காகப் பெற்றவர் ஏமாந்தவராவர். இங்கே விற்கக் கூடிய விலையையே கணக்கில் எழுதல் வேண்டும். சகோதரர்க்குள் மனவருத்தம் வரக் காரணமாயிருப்பது இவ்விடமே என்பதனால் இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

எப்படிப் பழுது பார்த்தாலும் சுடுவதற்குதவாத, வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆனால் இது சுடுமா சுடாதா என்று தீர்மானிப்பது வாரிசின் வேலையன்று. தக்க அதிகாரியிடம் காட்டி எழுத்துமூலம் பெற்றுக்கொண்டாலன்றி, 'பழையதுதானே' என்னும் சமாதானம் நீதிமன்றத்தில் நில்லாது. இவ்விலக்குப் பெறுவதற்காகக் குழலை அறுத்தும் துளைத்தும் விடுகின்றவர்களைப் பற்றிக் கேள்விப்படுகின்றோம். பொருளறியாது அவ்வாறு செய்தால் தஞ்சையில் நடந்ததே நம் வீட்டிலும் நடந்ததாகும்.

லைசென்சுதாரர் இறந்தவுடன் அவர் லைசென்சு அவரோடு முடிகிறது. அவர் வீட்டில் துப்பாக்கி கிடப்பது, எவர் குற்றமுமின்றியே, சட்டத்திற்குப் புறம்பாகிவிடுகிறது. ஆதலின் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ அதனை ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். ரசீதில் 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதுவதை ஏற்கக் கூடாது. செய்தவர் பெயர், எண், போர், குழலின் நீளம், கட்டையிலுள்ள வெள்ளித் தகடு, பெட்டி முதலியன யாவும் எழுதப்பட வேண்டும். ஒப்படைத்த பொருளை, விதிகளிற் குறித்த காலத்துள், வாரிசு தாமே லைசென்சு பெற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது தகுதியுடைய வேறொருவர்க்கு விற்று அப்பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். காலம் கடந்துவிட்டால் அது அரசாங்கத்திற்கு உரியதாகிவிடும். பங்கு வழக்கு நடக்கையில் துப்பாக்கியை எல்லோரும் மறந்திருந்து, கடைசியில் ஒருவர்க்கும் இல்லாமற் போவது இதனாலேதான்.

1983இல் ஒருவர்க்கு மூன்று துப்பாக்கி என்று வரையறுத்திருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. முன்னோர் சொத்தாக வருவனவற்றிற்கும் இவ்வெல்லை உண்டு. ஆறு துப்பாக்கி வைத்திருந்த பெரியவரின் ஒரே மகன் நான்கினை விட்டேயாக வேண்டும். எவற்றை விடுவது, எவற்றை வைப்பது என்பதைப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே தீர்மானித்தல் நலம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இதற்கு வழியும் வைத்துள்ளன. லைசென்சுதாரர்க்கு எழுபது வயது நிறைந்தாலும், அத்துப்பாக்கியை இருபத்தைந்தாண்டு வைத்திருந்தாலும், இவற்றில் எது முந்தியதோ அப்போது, தாம் விரும்பும் வாரிசின் பெயரை எழுதிக் கொடுத்து அவர்க்கு லைசென்சு வழங்கக் கேட்கலாம். அவ்விண்ணப்பத்தோடு, துப்பாக்கி எந்த ஆண்டு எந்தக் கடையில் யாரால் வாங்கப்பட்டது, குழலில் உள்ள எண் யாது, பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பதையும் பெரியவர் தம் கையெழுத்தில் எழுதி, பழைய லைசென்சுப் புத்தகத்தினுள்ளே வைத்துவிடலாம். ஒரு பக்கத் தாள் போதும்.